திருகாணி ஊன்றும் இடம்

இரும்பு வேலை கற்ற எவருக்கும் ஓர் உண்மை தெரியும். திருகாணி எவ்வளவு உறுதியானதாயினும், அது ஊன்றப்படும் பொருள் உறுதியற்றதாயின் அதன் பிடி நில்லாது. தேக்கு மரத்தில் இறுகப் பற்றும் அதே திருகாணி, முருங்கை மரத்தில் இரண்டு சுற்றிலேயே வழுவிவிடும். மதுரையில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இளைஞர்களுக்குப் பிட்டர் தொழில் கற்பித்த நான், இந்தப் பாடத்தை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதி வந்தேன். அதே பாடம் மனிதனின் முதுகெலும்புக்கும் பொருந்தும் என்பதை என் தமக்கையாரின் நோய்தான் எனக்குக் காட்டிற்று.

அன்பு வாசகர்களே! "முதுகில் ஸ்க்ரூ வைத்திருக்கிறார்கள்", "இடுப்பில் கம்பி போட்டிருக்கிறார்கள்" என்னும் பேச்சு இன்று நம் குடும்பங்களில் சாதாரணமாகிவிட்டது. ஒரு தலைமுறைக்கு முன் படுக்கையே கதியென்று கிடந்திருக்க வேண்டியவர்கள், இன்று எழுந்து நடமாடுகிறார்கள். ஆயினும் அந்தத் திருகாணி எங்கே ஊன்றப்படுகிறது, எதைப் பற்றிக்கொண்டு நிற்கிறது, எப்போது தளர்கிறது என்பவற்றை நம்மில் பலர் கேட்டறிவதில்லை. கேட்டறிவதால் விளையும் நன்மை பெரிது. ஆகவேதான் இதனை எழுதத் துணிந்தேன்.

கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்பில் 5 என 24 முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு நம்மை நிமிர்ந்து நிற்கச் செய்கின்றன. ஏறத்தாழ எல்லா முள்ளெலும்புகளிலும் முன்புறம் பருத்த உருளை போன்ற உடற்பகுதி உண்டு. பின்புறம் வளைவான பகுதி உண்டு. இரண்டிற்கும் நடுவே நரம்புகள் செல்லும் குழாய் உண்டு. முன்பகுதியையும் பின்பகுதியையும் இணைப்பவை, வலத்தில் ஒன்றும் இடத்தில் ஒன்றுமாக உள்ள இரு சிறு எலும்புக் காம்புகள். மருத்துவர்கள் இவற்றைப் பெடிக்கிள் என்பர். திருகாணி பின்புறத்திலிருந்து இந்தக் காம்பின் ஊடாக நுழைந்து, முன்னுள்ள உடற்பகுதியில் போய் நிற்கிறது. இடுப்பில் வைக்கும் திருகாணி பெரும்பாலும் 6 அல்லது 7 மில்லிமீட்டர் பருமனும் 40 முதல் 50 மில்லிமீட்டர் நீளமும் உள்ளது. காம்பின் உட்புறத்தே நரம்புக் குழாய். கீழ்ப்புறத்தே காலுக்குச் செல்லும் நரம்பு. சில மில்லிமீட்டர் விலகினாலும் கால் வலுவிழக்கக்கூடும். அத்துணை நெருக்கமான சந்து அது.

காம்பின் வெளிச்சுவர் கெட்டியான எலும்பு. உள்ளேயும் உடற்பகுதியிலும் இருப்பதோ தேன்கூடு போன்ற மென்மையான எலும்பு. திருகாணியின் பிடியில் பெரும்பகுதியைத் தருவது இந்தக் காம்புதான். எஞ்சிய பிடி, அந்தத் தேன்கூட்டின் அறைச்சுவர்கள் எவ்வளவு தடித்தும் நெருங்கியும் உள்ளன என்பதைப் பொறுத்தது. முதுமையில் அந்தச் சுவர்கள் மெலிகின்றன. சில அறுந்தே போகின்றன. வெளித்தோற்றத்தில் எலும்பு எலும்பாகவே இருக்கும். உள்ளே வெற்றிடம் பெருகியிருக்கும்.

இந்த வழி ஒரே நாளில் கண்டறியப்பட்டதன்று. 1911ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் ஹிப்ஸ், ஆல்பீ என்னும் இரு மருத்துவர்கள், காசநோயால் சிதைந்த முதுகெலும்புகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் முறையைத் தனித்தனியே வெளியிட்டனர். அக்காலத்தில் உள்ளே தாங்கி நிற்கத் திருகாணி ஏதுமில்லை. எலும்பு ஒட்டும் வரை நோயாளி மாதக்கணக்கில் மாவுக்கட்டில் படுத்திருக்க வேண்டும். 1944இல் டான் கிங் என்னும் அமெரிக்க மருத்துவர் முதுகெலும்பின் சிறு மூட்டுகளில் குட்டைத் திருகாணிகளை வைத்துப் பார்த்தார். 1959இல் கனடாவின் பூஷே அதைவிட நீண்ட திருகாணியைக் காம்பு வரை செலுத்தினார். பின்னர் பிரான்சு நாட்டு ரோய்-கமீல், 1963 முதல் காம்பின் ஊடாகவே திருகாணியைச் செலுத்தி, அவற்றைத் தகடுகளால் இணைக்கும் முறையைக் கையாண்டு, 1970இல் அதனை வெளியிட்டார். இன்று உலகெங்கும் நடைபெறும் முதுகெலும்பு அறுவைச் சிகிச்சைகளுக்கு அதுவே அடிப்படை. தகட்டின் இடத்தைப் பின்னர் கம்பிகள் பிடித்தன. எஃகின் இடத்தைப் பெரும்பாலும் டைட்டானியம் பிடித்தது. அந்த உலோகத்தின் தாதுவாகிய இல்மனைட் நம் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணலிலேயே கிடைக்கிறது என்பது பலர் அறியாத செய்தி.

இனி என் தமக்கையாரைப் பற்றிச் சொல்கிறேன். மேலூரை அடுத்த ஒரு சிற்றூரில் வாழ்க்கைப்பட்டவர். பெரியாற்றுக் கால்வாய்ப் பாசனத்தில் நாற்று நட்டும், களை பறித்தும், தலையில் கட்டுச் சுமந்தும் நான்கு பிள்ளைகளை ஆளாக்கியவர். மூச்சிரைப்பு நோய்க்காகப் பல ஆண்டுகள் ஸ்டீராய்டு மாத்திரை உட்கொண்டவர். 2021ஆம் ஆண்டில், அவருடைய 63ஆம் வயதில், இடுப்பின் நான்காம் முள்ளெலும்பு ஐந்தாவதன்மேல் முன்னோக்கி நழுவி நரம்பை நெருக்கியது. பேருந்து நிறுத்தத்துக்கு நடப்பதற்குள் மூன்று இடங்களில் உட்கார வேண்டியிருந்தது. குனிந்து உட்கார்ந்தால் வலி தணியும். நிமிர்ந்து நடந்தால் இரு கால்களும் மரத்துப்போகும். ஒரு மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை செய்து, நான்கு திருகாணிகளும் இரண்டு கம்பிகளும் வைத்தார்கள். கால் மரப்பு அன்றே நீங்கிற்று. வீட்டார் அனைவரும் மகிழ்ந்தோம்.

ஏழாம் மாதத்தில் வேறு விதமான வலி தொடங்கிற்று. படுக்கையில் புரளும்போதும், உட்கார்ந்த நிலையிலிருந்து எழும்போதும் சுரீரென்று பிடித்தது. "தம்பி, உள்ளே ஏதோ அசைகிறது, எனக்குத் தெரிகிறது" என்றார். வயதான காலத்தில் இப்படித்தான் இருக்கும் என்று சுற்றத்தார் சொன்னார்கள். அவருடைய சொல்லை நான் தள்ளவில்லை. தளர்ந்த ஆணியின் ஆட்டத்தைக் கையால் உணர்ந்து பழகியவன் அல்லவா நான்! அவரை மற்றொரு மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன்.

எக்ஸ்ரே படத்தை விளக்கின்முன் வைத்து அவர் காட்டினார். கீழே உள்ள இரு திருகாணிகளைச் சுற்றிலும் மெல்லிய கருவளையம் தெரிந்தது. "இந்தக் கருப்பு தெரிகிறதல்லவா, ஐயா? இங்கே எலும்பு இல்லை. ஆணிக்கும் எலும்புக்கும் இடையே இடைவெளி விழுந்துவிட்டது" என்றார். "ஆணியில் குறையா, டாக்டர்?" என்று கேட்டேன். "ஆணி நன்றாகவே இருக்கிறது, சுவரைத்தான் பார்க்க வேண்டும்" என்றார். பின்பு டெக்ஸா என்னும் எலும்பு அடர்த்திச் சோதனை செய்யச் சொன்னார். உலக சுகாதார நிறுவனம் 1994இல் வகுத்த கணக்குப்படி, இந்தச் சோதனையில் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் அது எலும்புத் தேய்வு நோய். என் தமக்கையாருக்கு மைனஸ் 3.4 வந்தது. முதல் அறுவைச் சிகிச்சைக்கு முன் இந்தச் சோதனை நடைபெறவில்லை. யாரையும் குறைகூறுவதற்காக இதனை எழுதவில்லை. முன்கூட்டியே கேட்டிருந்தால் செய்திருக்கக்கூடிய எளிய சோதனை இது என்பதற்காகவே எழுதுகிறேன்.

திருகாணி எவ்வாறு தளர்கிறது? நேராக இழுக்கப்பட்டு வெளியே வருவது அரிது. மாடு கட்டும் முளையை மண்ணிலிருந்து பிடுங்கும் விதத்தை நம் ஊர்களில் பார்த்திருப்பீர்கள். நேராக இழுத்தால் அது வராது. இப்படியும் அப்படியும் ஆட்டுவோம்; குழி அகலும்; பிறகு இரண்டு விரலால் எடுத்துவிடலாம். குனிவதும் நிமிர்வதும் திரும்புவதுமாக நாள்தோறும் ஆயிரக்கணக்கான சிற்றசைவுகள் அந்தத் திருகாணியை ஆட்டிக்கொண்டே இருக்கின்றன. கெட்டி எலும்பு அதனைத் தாங்கும். மெலிந்த எலும்பிலோ குழி சிறிது சிறிதாக அகன்றுவிடும்.

இதிலிருந்து ஒரு முக்கியச் செய்தி புலனாகிறது. திருகாணி என்றென்றும் சுமை தாங்குவதற்காக வைக்கப்படுவதன்று. முள்ளெலும்புகளுக்கு இடையே வைத்த எலும்புத் துணுக்குகள் ஒட்டி ஒன்றாகும் வரை அசையாமல் பிடித்துக்கொள்வதே அதன் கடமை. கூரைக்குக் கான்கிரீட் இடும்போது அடியில் முட்டுக்கொடுக்கிறோமே, அது போன்றது. கான்கிரீட் இறுகுமுன் முட்டுச் சரிந்தால் கூரை நில்லாது. எலும்பு ஒட்டுமுன் திருகாணி தளர்ந்தாலும் அதே கதிதான். எது முந்துகிறது என்பதே கேள்வி.

ஆகவே உலகெங்கும் மருத்துவர்களும் பொறியியலாரும் இந்தப் பிடியை வலுப்படுத்தும் வழிகளை ஆராய்ந்து வந்திருக்கிறார்கள். அந்த மருத்துவர் பொறுமையுடன் அவற்றை விளக்கியபோது, என் பட்டறைப் பாடங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

முதலாவது, மரையின் அமைப்பு. கடினமான உலோகத்துக்கு நெருக்கமான, ஆழம் குறைந்த மரை. மென்மையான பொருளுக்கு அகன்ற, ஆழமான மரை என்பது எங்கள் தொழிலின் விதி. எலும்புத் திருகாணியும் அவ்வாறே. கெட்டி எலும்புக்கு நெருக்க மரையும், பஞ்சு போன்ற எலும்புக்கு அகன்ற மரையும் பொருத்தமானவை. காம்பில் நிற்கும் பகுதிக்கு நெருக்க மரையும், உடற்பகுதியில் நிற்கும் பகுதிக்கு அகன்ற மரையுமாக இரண்டையும் ஒரே திருகாணியில் அமைப்பதும் உண்டு.

இரண்டாவது, துளையின் அளவு. மெலிந்த எலும்பில் திருகாணியைவிடச் சிறிய அளவிலேயே மரை வெட்டுவார்கள். சிலவேளை மரை வெட்டாமலே விட்டுவிடுவார்கள். அப்போது திருகாணி தன்னைச் சுற்றியுள்ள எலும்பை நெருக்கிக்கொண்டு நுழையும். அதனால் பிடி கூடும். தச்சர்கள் பலகையில் சிறு துளையிட்டுப் பெரிய ஆணியை முறுக்குவதும் இதே கருத்தால் அன்றோ?

மூன்றாவது, பருமனும் நீளமும் சாய்வும். காம்பு இடங்கொடுக்கும் அளவுக்குப் பருத்த திருகாணி நன்கு பிடிக்கும். மிகைப்பட்டால் காம்பு பிளந்துவிடும். வலத் திருகாணியையும் இடத் திருகாணியையும் ஒன்றையொன்று நோக்கிச் சாய்த்து வைத்துக் குறுக்கே இணைத்தால், இரண்டுக்கும் நடுவே உள்ள எலும்பு முழுவதையும் பெயர்த்தால்தான் அவை வெளிவர முடியும். மேலும் கீழும் உள்ள முள்ளெலும்புகளிலும் திருகாணி வைத்துச் சுமையைப் பகிர்ந்தளிப்பதும் உண்டு. 2009 முதல் பேசப்படும் மற்றொரு முறையில், திருகாணியை வேறு கோணத்தில் செலுத்திக் கெட்டி எலும்பை மிகுதியாகப் பற்றச் செய்கிறார்கள்.

நான்காவது, சிமெண்டு. மரை தேய்ந்த துளையில் மரச்சிம்பும் வச்சிரமும் இட்டு ஆணியை மீண்டும் முறுக்குவார் தச்சர். மருத்துவத்தில் அக்ரிலிக் வகைச் சிமெண்டு அந்த வேலையைச் செய்கிறது. இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி, இடுப்பு மூட்டு மாற்றுச் சிகிச்சையில் 1958 முதல் அதனைப் பயன்படுத்தினார். முதுகெலும்புக்குள் அதனைச் செலுத்தும் முறையை 1984இல் பிரான்சின் கலிபேர், தெராமோன் என்னும் இருவர் தொடங்கினர். இன்று நடுவில் துளையும் நுனியருகே பக்கத் துளைகளும் உள்ள திருகாணிகள் கிடைக்கின்றன. திருகாணியை வைத்தபின் அதன் வழியே இரண்டு மூன்று மில்லிலிட்டர் சிமெண்டைச் செலுத்த, அது நுனியைச் சுற்றிப் பரவி இறுகுகிறது. இதிலும் ஆபத்து இல்லாமலில்லை. சிமெண்டு நரம்புக் குழாயினுள் கசியலாம். இரத்தக் குழாய் வழியே நுரையீரலை அடையலாம். எனவே எக்ஸ்ரே திரையைப் பார்த்துக்கொண்டே மெல்ல மெல்லச் செலுத்துகிறார்கள். பின்னாளில் அத்தகைய திருகாணியை எடுக்க நேரிட்டால் அதுவும் கடினமே.

ஐந்தாவது, குறி தவறாமை. காம்பின் சுவரை உடைத்துச் சென்ற திருகாணிக்குப் பிடியும் குறைவு. அது நரம்புக்கும் பகை. இதில் நம் தமிழ்நாட்டின் பங்கு குறிப்பிடத்தக்கது. கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் டாக்டர் எஸ். ராஜசேகரனும் அவருடைய குழுவினரும், கோணலான முதுகெலும்புகளை நிமிர்த்தும் சிகிச்சையில் கணினி வழிகாட்டுதலின் பயனை ஆராய்ந்து 2007இல் வெளியிட்டனர். மார்புப் பகுதியில் வைத்த 478 திருகாணிகளை அவர்கள் சோதித்தனர். வழக்கமான முறையில் வைத்தவற்றுள் நூற்றுக்கு 23 காம்பின் சுவரைக் கடந்திருந்தன. கணினியின் துணையுடன் வைத்தவற்றுள் நூற்றுக்கு 2 மட்டுமே கடந்திருந்தன. உலகின் முதுகெலும்பு மருத்துவர்கள் எடுத்துக்காட்டும் ஆய்வுகளுள் ஒன்று, நமக்குப் பக்கத்து ஊரில் நடந்தது என்பது மகிழ்ச்சிக்குரியது.

ஆறாவது வழி, பட்டறையில் இல்லாதது. மரத்துக்கும் இரும்புக்கும் உயிரில்லை. எலும்புக்கோ உயிர் உண்டு. அது ஓயாமல் தன்னையே கரைத்துத் தன்னையே கட்டிக்கொள்கிறது. வளர்ந்தவரின் எலும்பில் ஆண்டுதோறும் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு புதிதாகிறது. ஸ்வீடன் நாட்டின் பிரோனிமார்க், 1950களில் முயலின் எலும்பில் வைத்த டைட்டானியக் கருவியைக் கழற்ற முடியாதபடி எலும்பு அதனைப் பற்றிக்கொண்டதைக் கண்டார். அசையாமல் இருந்தால் எலும்பே திருகாணியைத் தழுவிக்கொள்ளும். அந்த எலும்பைத் திருகாணி வைப்பதற்கு முன்னரே மருந்தாலும் உணவாலும் தேற்றவும் இயலும். டெரிபாரடைடு என்னும் ஊசி மருந்து, எலும்பைப் புதிதாகக் கட்டத் தூண்டுவது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு அதனைக் கொடுத்தபோது திருகாணி தளர்வது குறைந்தது என்று ஜப்பானிய மருத்துவர்கள் 2013இல் அறிவித்தனர்.

என் தமக்கையாருக்கு மருத்துவர் இந்த வழியையே முதலில் தேர்ந்தார். "அவசரப்பட வேண்டாம், அம்மா. முதலில் சுவரைக் கட்டுவோம், பிறகு ஆணி அடிப்போம்" என்றார். மூன்று மாதம் நாள்தோறும் தொப்புளருகே அந்த ஊசியைப் பேத்தி போட்டுவிட்டாள். வைட்டமின் டி மிகக் குறைந்திருந்ததால் அதுவும் கொடுக்கப்பட்டது. நாளெல்லாம் வெயிலில் நின்றவருக்கு அந்தச் சத்துக் குறைவா என்று நான் வியந்தேன். அண்மை ஆண்டுகளில் வலியால் அவர் வீட்டை விட்டு வெளியே வரவேயில்லை என்பதை மருத்துவர் நினைவூட்டினார். மூச்சிரைப்புக்கு மாத்திரைக்குப் பதிலாக உறிஞ்சும் மருந்து கொடுக்கலாமா என்று நுரையீரல் மருத்துவரிடமும் கலந்து பேசினார். 2022இல் இரண்டாம் அறுவைச் சிகிச்சை நடந்தது. தளர்ந்த திருகாணிகளை எடுத்துவிட்டுப் பருத்தவற்றை வைத்து, சிமெண்டு செலுத்தி, கீழே மேலும் ஒரு நிலை வரை கம்பியை நீட்டினார்கள்.

இன்று அவர் ஊன்றுகோலுடன் நடக்கிறார். தரையில் சம்மணமிட்டு உட்கார அனுமதி இல்லை. குடம் தூக்கவும் கூடாது. நாற்று நடவு முடிந்துபோன கதை. ஆயினும் சந்தைக்குத் தாமே போய் வருகிறார். எக்ஸ்ரே படத்தில் இப்போது கருவளையம் இல்லை. "முதல் முறையே ஊசி போட்டிருந்தால் இரண்டாம் தடவை கிழித்திருக்க வேண்டாமே, தம்பி" என்று ஒருநாள் சொன்னார். அதற்கு என்னிடம் விடையில்லை.

மதுரைச் சமவெளியில் இவரைப் போன்ற தாய்மார்கள் எத்தனையோ பேர். பிள்ளைகளுக்கும் கணவருக்கும் பரிமாறிவிட்டு எஞ்சியதை உண்டவர்கள். பாலைப் பண்ணைக்கு ஊற்றிவிட்டுக் கடுங்காப்பி குடித்தவர்கள். மாதவிடாய் நின்றபின் சில ஆண்டுகளில் எலும்பு விரைந்து மெலிகிறது. அது வலிக்காது, சொல்லாமலே நடக்கும். சென்ற ஆண்டு எட்டிய பரண் இந்த ஆண்டு எட்டவில்லை, முதுகு வளைகிறது, சிறு தடுக்கலில் மணிக்கட்டு முறிந்தது என்றால், அவை அடையாளங்கள் என்று கொள்ள வேண்டும். நம் கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. வெயிலும் நடையும் எலும்புக்கு உரமாகும். புகைபிடிப்பது எலும்பு ஒட்டுவதற்குப் பெரும் பகை என்பதை ஆண்கள் மறவாதிருப்பார்களாக.

உங்கள் வீட்டில் ஒருவருக்கு முதுகில் திருகாணி வைக்க வேண்டும் என்று சொல்லப்பட்டால், மரியாதையுடன் சில கேள்விகளைக் கேளுங்கள். எலும்பின் அடர்த்தியைப் பார்த்தாயிற்றா? டெக்ஸா வசதி அருகில் இல்லையெனில், சிகிச்சைக்காக எடுத்த சி.டி. ஸ்கேன் படத்திலிருந்தே ஓரளவு கணிக்கலாம். வைட்டமின் டி எவ்வளவு உள்ளது? உண்ணும் மாத்திரைகளுள் எலும்பை மெலிவிப்பது ஏதேனும் உண்டா? எலும்பைத் தேற்றிவிட்டுச் செய்யும் அளவுக்குக் காலம் இருக்கிறதா? நரம்பு நெருக்குண்டு கால் வலுவிழந்தால், அல்லது சிறுநீர் அடங்காமற்போனால் காத்திருத்தல் ஆகாது. மற்ற பலருக்கோ காத்திருக்க இடமுண்டு. 2012 முதல் நடைமுறையிலுள்ள முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தமக்குரிய சிகிச்சை அடங்குமா என்பதையும் முன்னதாகவே விசாரித்துக்கொள்வது நலம். சிகிச்சைக்குப் பின்னும் எலும்புக்கான மருந்தை நிறுத்தாமல் தொடர வேண்டும். திருகாணி வைத்தாயிற்று, கவலை தீர்ந்தது என்று எண்ணிவிடலாகாது.

அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு புதிய வலி வந்து, "உள்ளே ஏதோ அசைகிறது" என்று வீட்டுப் பெரியவர் சொன்னால், முதுமையின் புலம்பல் என்று அதனைத் தள்ளிவிடாதீர்கள். அன்றே அழைத்துச் சென்று ஒரு படம் எடுத்துப் பாருங்கள்.